இசை: செண்பகம்

“இசை, பாடல், குரல்னு எல்லாத்துக்கும் உன் பேரே இருக்கு. மௌரீன் பேர் எங்க?” என்று கேட்டான் தாஸ்.

அவன் மனைவி செண்பகம் தன் முதல் ஆல்பத்தை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எதுக்குப் போடணும்?”

“ஆறு பாட்டுல மூணு அவ போட்ட மெட்டு. இதே ஹால்ல உக்காந்துதானே போட்டா.”

“அவளே இல்லைங்கறா. எனக்கென்ன வந்தது?”

போனில் ஒரு பேட்டியை ஓடவிட்டாள். மௌரீன் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்: “அந்தப் பழைய பாட்டெல்லாம் செண்பகம் அக்காவோடது. நான் கூடப் பாடினேன், அவ்வளவுதான்.”

“பாத்தீங்களா? கம்பெனி ஆர்ட்டிஸ்ட் ஆயாச்சு. அல்சூர்ல ஒரு வாடகை வீட்டு ஹால்ல போட்ட மெட்டை என்னோடதுன்னு சொல்ல வெட்கமா இருக்கு அவளுக்கு.”



செண்பகமும் மௌரீனும் பெங்களூரில் வருஷக்கணக்கில் சேர்ந்து பாடியவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள் மௌரீன். சாயங்காலம்வரை பாட்டுதான்.

போன வருஷம் ஒரு இசைக் கம்பெனி இருவரையும் கூப்பிட்டுப் பாடச் சொன்னது. ஒப்பந்தம் போட்டது மௌரீனோடு மட்டும்.

“உங்க வாய்ஸ் நல்லா இருக்கு மேடம், ஆனா...” என்று செண்பகத்திடம் இழுத்தார்கள்.

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை. வயசா, உடம்பா, முகமா? தலை வாரும்போதெல்லாம் கண்ணாடியிடம் கேட்டுப் பார்த்தாள்.

மெட்ரோ ஸ்டேஷனில் மௌரீன் படத்தைப் பெரிதாக ஒட்டியதிலிருந்து ஆபீசுக்கு பஸ்ஸில்தான் போனாள். மௌரீன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஆனால் மௌரீனின் பாட்டை இன்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று தினமும் பார்த்தாள். எண்ணிக்கை ஏறியிருந்தால் அன்றைக்குச் சமையலில் உப்பு கூடிவிடும்.

“லேபிள், கம்பெனின்னாலே அடிமைச் சாசனம்தான். என் பாட்டை நானே வெளியிடுவேன்,” என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். குரலையும் வாத்தியத்தையும் சேர்த்துச் சீராக்கும் மிக்ஸிங் வேலையைக்கூடத் தானே கற்றுக்கொண்டு செய்தாள்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் வெளியீட்டு விழா. மௌரீனுக்கு அழைப்பில்லை.

ஹால் நிரம்பிவிட்டது. மூன்றாவது பாட்டு முடிந்தபோது முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதை எப்படிம்மா போட்டீங்க?” என்று கேட்டார்.

செண்பகம் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“எல்லாமே நான் தனியா போட்டதுதாங்க. எந்தக் கம்பெனியும் கை வெக்கல. வேற யாரும் கை வெக்கல.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஓரமாக நின்றிருந்த தாஸ் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒருவர் வந்தார்.

“ஒந்து நிமிஷம் மேடம்,” என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். “நான் நாகேஷ்.” கம்பெனி பேரைச் சொன்னார். மௌரீனின் கம்பெனி.

செண்பகத்துக்கு மனசு குதித்தது. வேண்டாம் என்றவர்கள் தேடி வந்துவிட்டார்கள். முடியாது என்று சொல்ல வேண்டும். அது மௌரீன் காதுக்கும் போக வேண்டும்.

“சொல்லுங்க,” என்றாள்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க ஆல்பத்தைக் கேட்டோம். மூணாவது பாட்டு அப்படியே மௌரீன் போட்ட மாதிரி இருக்குன்னு எங்க ஆபீஸ்ல பேச்சு. அவங்க எங்ககிட்ட சைன் பண்றதுக்கு முன்னாடி போட்ட மெட்டும் எங்களுக்குத்தான் சேரும். அக்ரிமென்ட் அப்படி.”



“மௌரீன்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?” என்றாள் செண்பகம்.

“சைன் பண்றப்பவே கேட்டோம். ஒரு மெட்டுகூட அவங்களோடது இல்ல, எல்லாம் உங்களோடதுன்னாங்க. எங்களுக்கு, தானே மெட்டுப் போட்டுப் பாடற பொண்ணுதான் தேவை. உனக்குன்னு சொந்த மெட்டே இல்லைன்னா மத்தவங்க பாட்டைத்தான் பாடணும், கம்போசர்னு பேர் வராதுன்னு சொன்னோம். பரவால்லன்னுட்டாங்க. பேட்டியிலயும் அதையேதான் சொன்னாங்க. எங்க எம்.டி.க்குத்தான் இன்னும் டவுட்.”

நாகேஷ் அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீங்களே சொல்லிடுங்க மேடம். அதுல ஒரு மெட்டாவது மௌரீனோடதா? ஆமான்னா ஆல்பத்தை இணையத்துலருந்து எடுத்திடணும். இல்லைன்னா நான் போய்ச் சொல்லிடறேன், இதோட விட்ருவாங்க.”

மூன்றாவது பாட்டு, தன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் மௌரீன் போட்டது. வார்த்தை வராமல் வெறும் மெட்டாகவே அழுதாள் அன்று. செண்பகத்தின் மடியில்தான் தலை இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால், தன் பேரையே விட்டுக்கொடுத்து மௌரீன் காப்பாற்றிய அந்த மெட்டும் கம்பெனிக்குப் போகும்; மௌரீன் சொன்னது பொய் என்றும் ஆகும்.

பக்கத்தில் வந்து நின்ற தாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்ல சார்,” என்றாள் செண்பகம். “எல்லாம் நான் போட்டதுதான்.”

சற்று முன் மைக்கில் பெருமையாகச் சொன்ன பொய். இனி ஆயுசு முழுக்க, யார் கேட்டாலும், அதையேதான் சொல்லியாக வேண்டும்.