யாரும் கை தூக்காத ஏலம்

ரஸ்ஸல் கராஜ் கதவை அகலத் திறந்து வைத்தார். துருப்பிடித்துக் கிடந்த பழைய தோட்ட டிராக்டர், அவருடைய ஓராண்டு உழைப்பில் சிவப்புப் பெயின்ட்டோடு மின்னியது. பார்க்கத்தான் ஆள் இல்லை. சிகாகோவிலிருந்து குடிவந்த அவரிடம் இந்த அயோவா கிராமத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்றுதான் ஒரு வயதான அம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

“உள்ள வாங்கம்மா! ஏலத்துல எடுத்த வண்டி. உங்க ஊர்க்காரங்களுக்கு விவரமே பத்தாது. அத்தனை பேரும் மரம் மாதிரி நின்னாங்க, ஒருத்தன் கை தூக்கல!”

“ஒருத்தர்கூடவா?”

“முன்வரிசையில ஒரு கிழவி மட்டும் கேட்டா. பின்னாலேர்ந்து நான் ஒரே போடு போட்டேன், கப்சிப்!”

“ஒருதடவை ஸ்டார்ட் பண்ணுங்களேன், தம்பி.”

இன்ஜின் படபடத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“குளிர்ல மக்கர் பண்ணும். கார்புரேட்டரை ஸ்பூனால தட்டுங்க. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அப்படித்தான் பண்ணுவார்.”

ரஸ்ஸலின் முகம் வெளிறியது. “அப்ப அந்த முன்வரிசையில...”

“நான்தான். பேங்க் எங்க பண்ணையை ஏலம் விட்டப்ப, இது ஒண்ணாவது எனக்கே கிடைக்கட்டும்னுதான் ஊரே கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டு நின்னுச்சு.”

“எடுத்துட்டுப் போயிடுங்கம்மா...”

“இருக்கட்டும் தம்பி. சத்தத்தைக் கேக்கத்தான் வந்தேன்.”

அவள் தெருமுனை திரும்பும்வரை ரஸ்ஸல் தலை நிமிரவில்லை. அவருடைய வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போயிருந்தது.