கதவுக்குப் பின்னால் ஒரு வருடம்

கால்பந்து கிளப்புக்கு இன்று ஐம்பதாம் ஆண்டு விழா. வருடத்துக்கொன்றாக அணிப் படங்கள் சுவரில் தொங்குகின்றன. கீழ் டிவிஷனுக்கு இறங்கிய வருடத்தை மட்டும் காணோம். அந்தப் படத்தை மார்போடு அணைத்தபடி நிற்கிறார் அன்றைய கோல்கீப்பர். அதன் கண்ணாடியில் மாலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. “விலை போகாத சரக்கை யாராவது ஷோகேஸ்ல வைப்பாங்களாண்ணே?” என்று இளிக்கிறார் செயலாளர். “ஒரே ஒரு பந்தைத்தான் தம்பி விட்டேன். பதினோரு வருஷமா பிடிச்சதெல்லாம் எங்க போச்சு?” ஒருவழியாகப் பேரம் படிகிறது: கதவுக்குப் பின்னால், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். விழா முடியும்வரை கதவு திறந்தே கிடக்கும். படம் யார் கண்ணிலும் படாது. கோல்கீப்பரே ஆணி அடித்து மாட்டுகிறார். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, படத்திலுள்ள தன் பழைய முகத்தை ஏற இறங்கப் பார்க்கிறார். வெளியே விருந்தாளிகள் தட்டுகிறார்கள். “அண்ணே, வந்துட்டாங்க, திறங்க!” என்கிறார் செயலாளர். அவர் கை தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நிற்கிறது.