வாக்கரில் தொங்கிய பை

"மாமா, பாப்பாவோட கிலுகிலுப்பை உள் ரூம் பீரோ மேல இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

பேராசிரியரைப் பார்க்க வந்திருந்த சிஷ்யருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஒன்பதாவது நாள். அவரைப் போய் ஏவுகிறாளே இந்த மருமகள்?

பேராசிரியர் முனகிக்கொண்டே வாக்கரைப் பிடித்து எழுந்தார்.

"இருங்க சார், நான் எடுத்துட்டு வரேன்."

"நீ உக்காரு. எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது. எனக்கே இந்த ஒரு வாரமாத்தான் தெரியுது."

டக், டக் என்று வாக்கர் நகர்ந்தது. அதில் ஒரு துணிப்பை வேறு தொங்கியது. சாமான் போட்டு எடுத்து வர மருமகளே தைத்து மாட்டியதாம்.

மாரடைப்பு, ரத்தம் உறைவது என்று முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்தவர். சோதனைக்கூடத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே சிஷ்யருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருடைய கடைசிக் கட்டுரை அச்சாகி வந்திருந்தது. அதைக் கையில் கொடுக்கத்தான் சிஷ்யர் வந்திருந்தார்.

கிலுகிலுப்பை வந்தது. பேராசிரியர் உட்கார்ந்து கட்டுரையைப் பிரித்தார். அரை மணிகூட ஆகியிருக்காது.

"மாமா, பாப்பாவோட சாக்ஸ்..."

போனார், கொண்டு வந்தார்.

"இது இல்ல மாமா. நீலக் கலர்."

மறுபடி டக், டக்.

"என்ன சார் இது?" என்றார் சிஷ்யர், அவர் திரும்பி வந்ததும்.

"என்ன பண்றது? பையன் வெளியூர்ல. அவ இடுப்புல குழந்தை. ரிட்டயர் ஆனப்புறம்தான் எனக்கு உருப்படியா ஒரு வேலை கிடைச்சிருக்கு."

சிஷ்யரால் சிரிக்க முடியவில்லை. கட்டுரையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலி காபி டம்ளரோடு சமையலறைக்குப் போனார்.

"ஏம்மா, அவர் யாருன்னு தெரியுமா உனக்கு?"

அவள் டம்ளரை வாங்கி வைத்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு இன்னிக்கே போன் பண்றேன். சாரை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்கே அவர் கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம்."

"அது மட்டும் வேண்டாம் சார்." அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "மணிக்கு ஒரு தரமாவது நடக்கணும்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பினாங்க. படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்தாமே."

"சரி..."

"மாமா அசையவே மாட்டேன்னுட்டாங்க. நடக்கப் பழக்க வந்த பொண்ணை, எனக்கே பாடமான்னு கேட்டு வாசலோட அனுப்பிட்டாங்க. பாப்பாவுக்குன்னு கேட்டா மட்டும்தான் எந்திரிக்கறாங்க. அதான் பாப்பா சாமானையெல்லாம் ரூமுக்கு ஒண்ணா ஒளிச்சு வெச்சிருக்கேன்."

சிஷ்யருக்குக் கக்கம் வியர்த்தது. அங்கே இடுக்கியிருந்த கட்டுரையும் அதையேதான் சொல்லியது. ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடந்தவர்கள் இத்தனை பேர், எழுந்து நடந்தவர்கள் இத்தனை பேர், யாருக்கு ரத்தம் உறைந்தது என்று. அந்த அட்டவணையைப் போட்டதே சிஷ்யர்தான்.

"இது அவரே எழுதினதும்மா. அதைச் சொல்லிப் பார்த்திருக்கலாமே?"

"எங்க வீட்டுக்காரர் போன்ல சொன்னார் சார். அது நோயாளிங்களுக்கு எழுதினது, எனக்கில்லன்னு மாமா சொல்லிட்டாங்க."

சிஷ்யர் கூடத்துக்குத் திரும்பினார். பேராசிரியர் சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். முப்பது வருஷத்தில் அவர் முன்னால் தானாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது கிடையாது. இன்று சிஷ்யர் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், சமையலறையிலேருந்து எனக்கு ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வர்றீங்களா?"

பேராசிரியர் கண்ணைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப அங்கேயிருந்துதானே வர்றே?"

"ஆமா சார். அப்ப தாகம் எடுக்கலை."