பின்னாலேயே வந்தவள்

"அனலின், அந்தப் பொம்பளை இன்னும் என் பின்னாலேயே வர்றாடீ!" அழகு நிலையத்திலிருந்து வெளியே வந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் ரொவேனா, போனில் தோழியிடம் கிசுகிசுத்தாள்.

"முடி ஏதாவது வெளியே தெரியுதா?"

"இல்லையே, முக்காடு சரியாத்தான் இருக்கு."

"உதட்டுச் சாயம்?"

"இப்பத்தான் துடைச்சேன். கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடறா. பயமா இருக்குடீ."

"நிக்காதே, நட! நம்மளை மாதிரி வெளிநாட்டுக்காரி சிக்கினா, இந்த ஊர்ப் பொம்பளைங்க ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தே உயிரை எடுத்துடுவாங்க. எனக்கு ஜெட்டாவுல இல்லாத அனுபவமா?"

ரொவேனா ஓடப் பார்த்தாள். உடையின் மேல் போட்டிருந்த நீளக் கறுப்பு அங்கி, அபாயா, காலில் சிக்கித் தடுமாறினாள். விழாமல் தாங்கிப் பிடித்தது பின்னால் வந்தவளின் கைதான்.

"மன்னிச்சுடுங்க மேடம். நான் என்ன தப்பு..."

"என்ன தப்பா?" அந்த உயரமான பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "அழகு நிலையத்துக் கொக்கியில மாட்டியிருந்த என் அபாயாவைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டே. உன்னோடதை நான் மாட்டிக்கிட்டு வர்றேன். தெருவுல கத்திக் கூப்பிடவும் முடியல. பாரு, பாதிக் கால் வெளியே தெரியுது. இந்தக் கோலத்துல என் மாமனார் கடையைத் தாண்டி ஓடி வந்திருக்கேன், பாவி!"