எடுக்காத பொட்டலம்

நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளில் அருள்புரியும் உத்திரமேரூர்ப் பெருமாளின் திருவடிகளை நெஞ்சில் இருத்தி, அவன் சந்நிதியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறேன்.

ஆண்டு 1986. தாமோதரனின் மகள் பாஞ்சாலி, பிளஸ் டூ கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். பெண்கள் கம்ப்யூட்டர் படிப்பதற்கென்று சென்னையில் ஓர் அறக்கட்டளை வழங்கும் உதவித்தொகை அவளுக்குக் கிடைத்திருந்தது. மூன்றாண்டுப் படிப்பு, விடுதியும் உணவும் அவர்கள் பொறுப்பு. நிபந்தனை ஒன்றே: படித்து முடிக்கும்வரை திருமணம் கூடாது.

அவளுக்கோ ஆவணியில் திருமணம். தென்னேரி வேதகிரியின் மகனுக்கு நிச்சயமாகியிருந்தது.

கணக்கு டீச்சர் மார்த்தாள் வீட்டுக்கே வந்து மன்றாடினாள். சம்பந்திகளும் அன்று அங்கே இருந்தார்கள்.

"மூணே வருஷம் தள்ளி வையுங்க. இந்தப் பக்கத்துல எந்தப் பொண்ணுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்ல."

"எனக்கும் ஆசைதான் டீச்சர். சம்பந்தி மனசு வைக்கணும்," என்றார் தாமோதரன்.

வேதகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஊரக் கூட்டித் தாம்பூலம் மாத்திக்கினோம். இப்ப வாக்கு மாறுனா எவன் நம்மள மதிப்பான்? ஆவணின்னா ஆவணிதான்."

அவர் மனைவி தாயாரம்மாள் ஒருபடி மேலே போனாள்.

"இன்னா டீச்சரம்மா, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி வந்து எங்க வூட்ல மாடு கறக்குமா, நாத்து நடுமா?"

கதவோரம் நின்ற பாஞ்சாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பிடியும் மனசு கேக்கலன்னா, பெருமாள்கிட்ட பூ கட்டிப் பாப்போம்," என்றாள் தாயாரம்மாள். "வெள்ள வந்தா படிக்கட்டும். செவப்பு வந்தா ஆவணில கல்யாணம். அப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இன்னாங்க, சரிதானே?"

"பெருமாள் சொல்ட்டா எனக்கு மறுபேச்சு ஏது?" என்றார் வேதகிரி.

மார்த்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு முழிச்சுப் படிச்ச பொண்ணு. அவ படிக்கலாமா வேணாமான்னு பூவா சொல்லணும்?"

"பூவத்தான் கேக்கப் போறோம்," என்றாள் தாயாரம்மாள். " பொட்டலம் நாந்தான் கட்டுவேன். பொண்ணு வூட்டாரு கட்டுனா எனக்கு நம்பிக்க கெடையாது."

மறுநாள் காலை எல்லோரும் கோயிலில் கூடினார்கள். நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியே இலையில் மடித்து வாழைநாரால் கட்டிப் பெருமாள் முன் வைப்பது வழக்கம். இரண்டையும் தாயாரம்மாள் வீட்டிலேயே கட்டி எடுத்து வந்திருந்தாள்.

மார்த்தாள் தாமோதரன் காதருகே முணுமுணுத்தாள். "பாத்துக்கினே இருங்க. ரெண்டுலயும் செவப்புதான் வெச்சிருப்பாங்க."

பட்டர் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

பாஞ்சாலி அப்படியே தரையில் விழுந்து வணங்கினாள். வேதகிரி இரு கைகளையும் தலைமேல் குவித்தார். "அவரே சொல்ட்டாரு. படிம்மா. மூணு வருஷம் கயிச்சே கல்யாணம் நடக்கட்டும்."

"எல்லாம் என் நேரம்!" என்று தாயாரம்மாள் உரக்கப் பெருமூச்சு விட்டாள்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கலாகாது. குளத்தில் விட்டுவிட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு தாயாரம்மாளே குளத்துக்குப் போனாள். மனம் உறுத்தவே, மார்த்தாள் பின்தொடர்ந்தாள்.

"உங்களத் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அதுக்கின்னா டீச்சரம்மா," என்று கீழ்ப்படியில் குனிந்து தாயாரம்மாள் பொட்டலத்தை நீரில் விட்டாள்.

நார் நழுவியது. இலை மெல்ல விரிந்தது. உள்ளிருந்து மிதந்து வந்த பூவும் வெள்ளை.

மார்த்தாள் திகைத்து நின்றாள்.

தாயாரம்மாள் திரும்பி, கணவர் வருகிறாரா என்று பார்த்தாள். பிறகு நீரை அலைத்து அந்தப் பூவை அப்பால் தள்ளிவிட்டாள்.

"அந்த மனுசன் வாக்க என்னால மாத்த முடியாது. பெருமாளாலதான் முடியும்."

"சாமி முன்னாடியே இப்படியா?"

"அவருக்குத் தெரியாமயா கட்டுனேன்?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியேறியவள், பாதியில் நின்றாள்.

"எட்டாவதுல நாந்தான் டீச்சரம்மா ஃபஸ்ட்டு. எனக்குத்தான் அப்ப யாரும் பூ கட்டிப் பாக்கல."

இதைக் கேட்டோர் இல்லத்துப் பெண்மக்களுக்கெல்லாம், எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் வெள்ளைப் பூவே வரும்படி அப்பெருமான் அருள்க.