மாதரசியின் முதல் வாக்கு

போன புயலில் தம்பியையும் கருவாட்டுக் கொட்டகையையும் பறிகொடுத்த மாதரசிக்குப் பட்டணத்தில் புதுவீடு கொடுத்தார்கள். பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசி அலறியது.

"புயல் பட்டணத்தை நோக்கி வருகிறது. எந்த ஊருக்குத் திருப்பலாம்? பட்டணவாசிகள் வாக்களிக்கவும்."

முன்பிருந்தே பட்டணத்தில் வேலைபார்க்கும் கணவன் தர்மலிங்கம் பெருமையாகச் சிரித்தான். "இப்ப நீயும் பட்டணத்துக்காரி. ஏதாவது ஒரு ஊர அழுத்து."

"போன தடவ நீங்க எத அழுத்துனீங்க?"

"நம்ம ஊரத்தான். இல்லன்னா இந்த வீடு கெடைச்சிருக்குமா?"

"நானும் தம்பியும் அங்கதானே இருந்தோம்?"

"முகாமுக்குப் போயிருவீங்கன்னு நெனச்சேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் கீழே 'திருப்ப வேண்டாம்' என்றும் இருந்தது. மாதரசி அதை அழுத்தினாள்.