முன்னுரை அக்கா

தட்டச்சுக் கடைக் கதவைப் பேராசிரியர் தள்ளிய வேகத்திலேயே உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு நமக்கு நல்ல பாட்டு உண்டு என்று.

அவர் பின்னாலேயே ஆய்வு மாணவியும் மாணவனும், மாட்டிக்கொண்ட முகத்தோடு வந்து நின்றார்கள்.

"என்னம்மா இது? இவ மீன் நோயைப் பத்தி எழுதறா, இவன் குளத்துப் பாசியைப் பத்தி எழுதறான். ரெண்டுலயும் ஒரே முன்னுரை!"

கையிலிருந்த ஆய்வேட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'பல ஆய்வுகள் நிகழ்ந்திருப்பினும், இது குறித்துப் போதிய கவனம் செலுத்தப்படவில்லை.' கேட்டா, அக்காதான் குடுத்தாங்கங்கறாங்க. டைப் அடிக்கற இடத்துல ஆராய்ச்சியும் செஞ்சு குடுக்கறீங்களோ?"

மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், அஞ்சு மணிக்குள்ள ஒப்படைக்கணும். நீங்க கையெழுத்துப் போடலைன்னா ஒரு வருஷமே போயிடும்."

"போகட்டும். சொந்தமா நாலு வரி எழுத வராதவளுக்குப் பட்டம் எதுக்கு?"

அக்கா மேசைக்கடியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். பக்கத்துக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் கீழே வெறும் கோடு.

"வாக்கியம் எல்லாருக்கும் பொது சார். கோடு போட்ட இடம்தான் அவங்களோடது. அதுல என்ன வரும்னு வாயால சொன்னாதான் இந்த ஃபைலையே திறப்பேன். யாரும் பாக்காத எதைம்மா நீ பாத்தேன்னு இந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். பதில் சொல்ல மூணு நாள் ஆச்சு."

"என்ன பதில்?" என்றார் பேராசிரியர், மாணவியை முறைத்து.

"தண்ணி குளிர்ந்தா குஞ்சு மீனுக்கு மட்டும் செவுள் வெளுக்குது சார். பெரிய மீனுக்கு ஒண்ணும் ஆகலை. இதை யாருமே எழுதலை."

இரண்டு வருடமாகப் பேராசிரியர் கத்திக் கத்திக் கேட்டும் வராத பதில், ஒரே மூச்சில் வந்து விழுந்திருந்தது. தன் பங்குக்கு மாணவனும் பாசியைப் பற்றி இரண்டே வரியில் சொல்லி முடித்தான்.

"இப்படிச் சொல்லிக்குடுக்க நீங்க யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?" குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"உங்களாலதான் சார். நான் அடிச்ச முதல் ஆய்வேடே உங்களோடதுதானே?"

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவை எடுத்து இரண்டு ஆய்வேட்டிலும் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அவர் மனசு மாறுவதற்குள் இருவரும் ஓட்டம் பிடித்தார்கள்.

கடையில் வேறு யாருமில்லை. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"என் எழுத்துல அப்படி எதைம்மா பாத்துக் கத்துக்கிட்டீங்க?"

அக்கா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முன்னுரைக்குன்னு நீங்க குடுத்த மூணு பக்கமும் வெள்ளைத்தாள் சார். மேல 'பார்த்து ஏதாவது போட்டுவிடவும்'னு மட்டும் எழுதியிருந்தீங்க."